கழுத்து நோவும் நட்டஈடும் - ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு எழுதுவோரின் கவனம் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே சார்ந்து நின்று வந்துள்ளது. அம்மையும் வாந்திபேதியும் மலேரியாவும் படைகளை அழித்தன, குடிப்பரம்பலை மாற்றின, ஆதலின் அவை வரலாற்றாசிரியரின் கண்ணில் எளிதிற் பட்டன. கழுத்து நோவு அத்தகையதன்று. அது ஊரைக் காலிசெய்வதில்லை. தலையைத் திருப்ப இயலாத ஒருவர் மறுநாளும் வேலைக்குச் செல்கின்றார். ஆயினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மருத்துவமும் சட்டமும் காப்புறுதி மூலதனமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்த களங்களுள் மனிதக் கழுத்து முக்கியமான ஒன்று. அச்சந்திப்பின் விளைவாகக் கழுத்து நோவு பற்றிய அறிவு ஒரு குறிப்பிட்ட திசையிலேயே வளர்ந்தது என்பதும், விபத்துக்கு உள்ளாகி வழக்காட வல்ல கழுத்துகளே ஆராயப்பட்டன, சுமை தூக்கித் தேய்ந்த கழுத்துகள் நெடுங்காலம் ஆய்வின் புறத்தே நின்றன என்பதும் நாம் இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

முதலில் உறுப்பின் அமைப்பினைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கழுத்தில் ஏழு முள்ளந்தண்டென்புகள் உள்ளன. அவை தாங்கும் தலை, வளர்ந்தோரில் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோகிராம் நிறையுடையது. முதலாவது என்பு ஒரு வளையம். இரண்டாவது என்பிலிருந்து மேனோக்கி எழும் பல் போன்ற முளையொன்று அவ்வளையத்தினுட் புகுந்து நிற்க, அதன் பின்புறமாகக் குறுக்கே ஓடும் வலிய பிணைநார் அதனை இடம்பெயராது காக்கின்றது. ‘இல்லை’ என்று நாம் தலையசைக்கும்போது நிகழும் சுழற்சியில் ஏறத்தாழப் பாதி இவ்வொரு மூட்டிலேயே நிகழ்கின்றது. இதன் கீழுள்ள என்புகளுக்கிடையே முன்புறம் மெத்தென்ற தட்டும், பின்புறம் இரு பக்கங்களிலும் சிறு மூட்டுகளும் உள்ளன. நடுவே முண்ணாண் செல்கின்றது. இத்துணை அசைவும் இத்துணை ஆபத்தும் ஒருங்கே அமைந்த இடம் உடலில் வேறில்லை எனலாம்.

கழுத்து நோவும் கழுத்தின் உறுதியின்மையும் ஒன்றல்ல என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. என்புகள் தம் எல்லையை மீறி ஒன்றின்மேலொன்று நழுவும் நிலையே உறுதியின்மை. முடக்குவாத நோயிற் பிணைநார் அரிக்கப்பட்டு, மேற்கூறிய முளை முண்ணாணை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதும் சில நோயாளர் பெரிய நோவேதும் உணர்வதில்லை. மறுதலையாக, எந்த என்பும் நழுவாதபோதும் ஆண்டுக்கணக்கில் நோவோடு வாழ்வோர் மிகப் பலர். முன்னையதைப் படத்திற் காட்டலாம். பின்னையதைக் காட்டுதல் அரிது. காட்டக்கூடியது, காட்டமுடியாதது என்னும் இவ்வேறுபாடே பின்வரும் வரலாறு முழுவதையும் நடத்திச்செல்கின்றது.

கழுத்துக் காயம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று எகிப்திற் கிடைத்தது. 1862ஆம் ஆண்டு லக்சோரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கிய பப்பிரசுச் சுருள், ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டளவிற் படியெடுக்கப்பட்டது. அதன் மூலம் அதனினும் பல நூற்றாண்டுகள் முற்பட்டதென்பர். ஜேம்ஸ் ஹென்றி பிறெஸ்ரட் அதனை 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். தலையிற் தொடங்கிக் கீழ்நோக்கிச் செல்லும் 48 காயங்களுள் 29 முதல் 33 வரையானவை கழுத்தென்புகளைப் பற்றியவை. மருத்துவன் ஒவ்வொரு காயத்தையும் சோதித்தபின் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை வழங்குகின்றான்: இதனை மருத்துவம் செய்வேன், இதனோடு போராடுவேன், இதற்கு மருத்துவம் இல்லை. கழுத்துச் சுளுக்குக்கு முதலாவது தீர்ப்பு. அந்நோயாளி தன் தோள்களையும் மார்பையும் நோக்க இயலாதவன். முதல்நாள் புதிய இறைச்சியும் பின்னர் தேனும் வைத்துக் கட்டுமாறு நூல் விதிக்கின்றது. கைகால்களின் உணர்வை இழந்து, சிறுநீர் தன்னையறியாது கழிய, என்பு இடம்பெயர்ந்து கிடப்பவனுக்கோ மூன்றாவது தீர்ப்பு. நோவையும் உறுதியின்மையையும் இத்துணைத் தெளிவாகப் பிரித்தறிந்த அம்மருத்துவனின் முன்னே வழக்கறிஞர் எவரும் நிற்கவில்லை. தலைகீழாக விழுந்ததால் ஓர் என்பு மற்றொன்றனுட் புதைந்த காயமும் இந்நூலில் உண்டு. இத்தகைய காயங்கள் போர்க்களத்தினின்றோ பெருங்கட்டடப் பணியினின்றோ வந்திருக்கலாமெனச் சிலர் கருதுவர்.

உரோமப் பேரரசிற் பெர்கமம் நகரிற் களமாடும் அடிமை வீரர்க்கு மருத்துவம் செய்து அனுபவம் பெற்ற கலென், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் அறுத்து, எம்மட்டத்தில் மூச்சு நிற்கும், எம்மட்டத்திற் கைகள் செயலிழக்கும் என்பதை நிரைப்படுத்தினார். அவர் எழுதிவைத்த நோயாளி வரலாறு ஒன்று எமது பொருளுக்கு மிக நெருங்கியது. பௌசானியஸ் என்னும் சிரிய நாட்டுச் சொல்லாசிரியர் வண்டியிலிருந்து விழுந்தபின் கையின் கடைசி இரு விரல்களிலும் நடுவிரலின் பாதியிலும் உணர்விழந்தார். ஏனைய மருத்துவர் விரல்களுக்கே மருந்திட்டுக்கொண்டிருக்க, கலென் கழுத்தின் அடியிற் புறப்படும் நரம்பே பழுதுற்றதெனக் கண்டு அங்கே மருந்திடச் செய்தார். வண்டி விபத்தொன்றாற் கழுத்தில் ஏற்பட்ட பழுது பற்றி எமக்குக் கிடைக்கும் முந்திய விளக்கமான பதிவுகளுள் இது ஒன்று.

அடுத்துவந்த நூற்றாண்டுகளில் உடற்கூற்றறிவு வளர்ந்ததேனும் கழுத்தைப் பற்றிய அறிவு பெரிதாக மாறவில்லை. மாற்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. அதுவும் இரண்டு திசைகளிலிருந்து வந்தது: ஒன்று தூக்குமேடை, மற்றையது புகையிரதம்.

தூக்குமேடையை முதலில் நோக்குவோம். டப்ளின் திரித்துவக் கல்லூரியைச் சேர்ந்த சாமுவேல் ஹோற்றன் 1866இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், கைதியின் கழுத்து உடனடியாக முறிவதற்கு எத்துணை உயரத்திலிருந்து அவனை விழச்செய்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார். 2240 என்னும் எண்ணைக் கைதியின் நிறையால் (இறாத்தலில்) வகுத்தாற் கிடைப்பது அடிகளில் அவ்வுயரம். மரணதண்டனையை ‘மனிதாபிமான’ முறையில் நிறைவேற்றும் நோக்கமே இக்கணக்கின் பின்னணி. 1913இல் பிறெடெரிக் வூட் ஜோன்ஸ் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், முடிச்சு முகவாய்க்குக் கீழே அமையும்போது இரண்டாவது கழுத்தென்பின் பின்வளைவு இரு பக்கமும் முறிந்து பிரிகின்றது என்று காட்டினார். அவர் காட்டிய சான்றுகள் பிரித்தானியர் ஆண்ட பர்மாவின் இரங்கூன் சிறையிற் தூக்கிலிடப்பட்டோரின் என்புகள். குடியேற்ற ஆட்சியின் சிறைக்கூடமே அதன் உடற்கூற்று ஆய்வுகூடமாகவும் பயன்பட்டமைக்கு இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1965இல் அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஷ்னைடரும் அவர்தம் உடனுழைப்பாளரும் இதே முறிவை மோட்டார் வண்டி விபத்திற் சிக்கியோரிடம் கண்டு, அதற்குத் ‘தூக்கிடுவோன் முறிவு’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

உறுதியின்மையை அளக்கும் முயற்சி இவ்வாறு கண்ணாற் காணும் முறிவிலிருந்து தொடங்கி, 1895இல் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின் விரைவு பெற்றது. 1891இலேயே அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹட்ரா என்பவர் நழுவிய கழுத்தென்புகளைக் கம்பியாற் கட்டியிருந்தார். போலியோவாற் கழுத்துத் தசைகள் செயலிழந்தோரின் தலையைத் தாங்குவதற்காக 1959இல் பெரியும் நிக்கலும் அறிமுகப்படுத்திய உலோக வளையம் பின்னர் எல்லாவகைக் கழுத்து முறிவுக்கும் பயன்படலாயிற்று. ஆயினும் எவ்வளவு நழுவினால் அது உறுதியின்மை என்ற கேள்விக்கு எண்ணளவான விடை 1970களிலேயே கிடைத்தது. ஒகஸ்ரஸ் வைற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் மனோகர் பஞ்சாபி என்னும் பொறியியலாளரும் யேல் பல்கலைக்கழகத்திற் பிணக் கழுத்துகளின் நார்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து, ஓர் என்பு மற்றொன்றின்மேல் 3.5 மில்லிமீற்றருக்கு மேல் நகர்ந்தாலோ, அயலிலுள்ளவற்றினும் 11 பாகைக்கு மேற் சரிந்தாலோ கழுத்து உறுதி குலைந்ததெனக் கொள்ளலாம் என 1975இல் முன்வைத்தனர். ஸ்டான்போர்ட் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பின மாணவர் வைற் என்பதும் குறிப்பிடத்தக்கது. பஞ்சாபி 1992இல் மேலும் ஓரடி சென்று, கழுத்தின் உறுதி என்பிலும் நாரிலும் மட்டுமன்றி, தசையிலும் அதனை இயக்கும் நரம்புக் கட்டுப்பாட்டிலும் தங்கியுள்ளதென்று விளக்கினார். நார் தளர்ந்த கழுத்தைப் பயிற்சிபெற்ற தசை ஓரளவு காக்கும் என்ற இன்றைய இயன்மருத்துவ நடைமுறைக்கு இதுவே அடிப்படைகளுள் ஒன்று.

காட்டக்கூடியதன் வரலாறு இது. ஆய்வாளரிடையே கருத்து மாறுபாடுகள் இருந்தனவேனும், 3.5 மில்லிமீற்றர் என்பது நீதிமன்றத்தில் வைத்து அளந்து காட்டக்கூடிய ஒன்று. காட்டமுடியாததன் வரலாறு வேறுவிதமாகச் சென்றது.

1830 செப்ரெம்பர் 15இல் லிவர்பூல் - மான்செஸ்ரர் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட அன்றே அரசியல்வாதி வில்லியம் ஹஸ்கிசன் இயந்திரத்தில் அடிபட்டு இறந்தார். 1865 யூன் 9இல் ஸ்ரேபிள்ஹேர்ஸ்ற் என்னுமிடத்தில் நிகழ்ந்த புகையிரத விபத்தில் நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் உடற்காயமின்றித் தப்பினாரேனும் அதன் நடுக்கம் அவரைப் பின்னரும் விடவில்லை. இத்தகைய பயணிகள் பலர் விபத்து நடந்து சில நாள்களின்பின் கழுத்திலும் முதுகிலும் நோவு, உறக்கமின்மை, கைவிறைப்பு முதலியவற்றை முறையிட்டனர். உடலைச் சோதித்தால் ஒன்றும் புலப்படவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் ஜோன் எரிக் எரிக்சென் 1866இல், ஹோற்றன் தமது தூக்குக்கணக்கை வெளியிட்ட அதே ஆண்டில், இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதன் வடிவு மாறாதிருக்கவே காந்தசக்தி நீங்குவதுபோல, முண்ணாணும் அதிர்ச்சியால் வெளிக்குத் தெரியாத மாற்றமடையலாம் என்பது அவரின் உவமை. ‘புகையிரத முள்ளந்தண்டு’ என அது பெயர்பெற்றது. நீதிமன்றங்களில் எரிக்செனின் நூல் பயணிகளின் ஆயுதமாயிற்று.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. புகையிரதத்தில் நாள்தோறும் அதிர்ந்தோர் பயணிகளா, தொழிலாளரா? இயந்திரத்தை ஓட்டியோரும் கரி வாரியோரும் பெட்டி கோத்தோருமே பயணிகளினும் பன்மடங்கு ஆபத்துக்கு ஆளாயினர். ஆயினும் ‘புகையிரத முள்ளந்தண்டு’ முதலிற் பயணிகளின் நோயாகவே நூலில் இடம்பெற்றது. காரணம் உடற்கூற்றில் இல்லை, சட்டத்தில் உள்ளது. 1837இல் தீர்ப்பளிக்கப்பட்ட பிறீஸ்ற்லி எதிர் பௌலர் வழக்கு, இறைச்சிக்கடை வண்டியொன்று அளவுக்கு மீறிய சுமையால் உடைந்து அதிற் சென்ற வேலையாள் காயமுற்ற வழக்கு. முதலாளி அவனுக்கு ஈடு செய்யத் தேவையில்லை என நீதிமன்றம் கூறியது. இதிலிருந்தே, உடன் வேலைசெய்வோரின் தவறால் நேரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பாளி அல்லன் என்ற ‘பொது வேலைக் கோட்பாடு’ வளர்ந்தது. 1880ஆம் ஆண்டின் சட்டமும் 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் அதனைத் தளர்த்தின. அது முற்றாக ஒழிந்தது 1948இலேயே. பயணச்சீட்டு வாங்கியவரின் கழுத்து வழக்காடக்கூடிய கழுத்து. கூலி வாங்கியவனின் கழுத்து அவ்வாறன்று. வழக்கு இல்லாதவிடத்து மருத்துவச் சாட்சியும் இல்லை. சாட்சி இல்லாதவிடத்து ஆய்வும் எழவில்லை.

எரிக்செனுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1883இல் அவரை விரிவாக மறுத்து நூலெழுதிய ஹேர்பேட் பேஜ், இலண்டன் வடமேற்குப் புகையிரதக் கம்பனியின் சத்திரவைத்தியர். முண்ணாண் பழுதுறவில்லை, அச்சமே இந்நோய்க் குறிகளுக்கு மூலம் என்பது அவர் வாதம். பேஜின் கூற்று முழுவதும் பொய்யென்று நாம் கூறவரவில்லை. அச்சத்தால் உடல் நோகும் என்பது உண்மையே. முண்ணாணின் அழற்சி பற்றி எரிக்சென் கூறியவற்றுட் பல பிழையென்பதும் பின்னர் தெளிவாயிற்று. எனினும், காணமுடியாத நோவு உள்ளத்தின் நோவே என்ற முடிவு கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்கு மிக வாய்ப்பானது என்பதை மறந்துவிட்டு இவ்விவாதத்தை வெறும் அறிவுப் போராகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஜேர்மனியில் இதே நாடகம் தொழிலாளரை வைத்தே அரங்கேறியது. 1884இல் பிஸ்மார்க் கொணர்ந்த விபத்துக் காப்புறுதிச் சட்டம் தொழிலாளருக்கு ஈட்டுரிமை அளித்தது. ஹேர்மன் ஒப்பன்ஹைம் 1889இல் அதிர்ச்சி சார்ந்த நரம்புநோய் பற்றி நூலெழுதினார். அவ்வாண்டே பேரரசின் காப்புறுதி மன்றமும் அதனை ஈட்டுக்குரியதாக ஏற்றது. மருத்துவருட் பலர் உடனே எதிர்த்தெழுந்தனர். ஓய்வூதிய ஆசையே நோய்க்குக் காரணம் என்றனர். முதலாம் உலகப் போரில் அதிர்ச்சியுற்ற போர்வீரர் பல்லாயிரவர் திரும்பி வந்தபின் இவ்வெதிர்ப்பு வலுத்தது. 1926இல் மன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

புகையிரதத்தின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்தபோது நோயின் பெயரும் மாறியது. 1928இல் அமெரிக்க என்பு மருத்துவர் ஹரோல்ட் குறோ, சன்பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த கூட்டமொன்றில், பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டியில் இருப்பவரின் தலை சவுக்கின் நுனிபோல் வீசப்படுவதை விளக்க ‘விப்லாஷ்’, அதாவது சவுக்கடி, என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அசைவைக் குறிக்கவே தாம் அதனைக் கூறியதாகவும், அது ஒரு நோயின் பெயராகிவிட்டதே எனவும் பின்னாளில் அவரே வருந்தினார். 1950களில் அச்சொல் மருத்துவ ஏடுகளிலும் நீதிமன்றங்களிலும் நிலைபெற்றது. 1955இல் கலிபோர்னியாவில் வண்டிகளை மோதவிட்டு அளந்தோர், தலையின் வேகமாற்றம் வண்டியின் வேகமாற்றத்தினும் அதிகமென்று கண்டனர். 1969 தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களின் முன்னிருக்கைகளிற் தலைதாங்கி கட்டாயமாயிற்று. இன்று எமது சாலைகளில் ஓடும் கார்களிலும் அத்தாங்கி உண்டு. ஆனால் அதனைத் தலையின் உயரத்துக்கு உயர்த்தி வைப்போர் சிலரே.

இக்காலத்தில் எரிக்சென் - பேஜ் விவாதம் மீண்டும் அதே வடிவில் எழுந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகர் நரம்பியல் நிபுணர் ஹென்றி மில்லர் 1961இல் ‘விபத்து நரம்புநோய்’ பற்றிய விரிவுரைகளில், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்ததும் நோவு மறைகின்றதென்றார். கனடாவின் இயன் மக்நாப் 1964இல், வழக்கு முடிந்து ஆண்டுகள் சென்றபின்னும் நோவு நீங்காதோர் பலரைக் கண்டு எழுதினார். பக்கவாட்டிலோ முன்புறமோ மோதப்பட்டோரிற் பலருக்குக் கழுத்து நோவு நீடிக்கவில்லை, பின்புறம் மோதப்பட்டோருக்கே நீடித்தது என்பது அவர் எழுப்பிய நயமான எதிர்வாதம்: பண ஆசை திசை பார்த்தா வரும்?

விடையின் ஒரு பகுதி இன்னொரு நியூகாசிலிலிருந்து, அவுஸ்திரேலியாவின் நியூகாசிலிலிருந்து வந்தது. நிகொலாய் பொக்டுக் குழுவினர், நீடித்த சவுக்கடி நோவுடையோரின் கழுத்தின் பின்புறச் சிறு மூட்டுகளுக்குச் செல்லும் நரம்புக் கிளைகளை மரக்கச் செய்து, எம்மூட்டு நோகின்றதென இனங்கண்டனர். 1996இல் வெளியான ஆய்வில் 24 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அந்நரம்புகளை வெப்பத்தாற் செயலிழக்கச் செய்தனர். மறுபிரிவினருக்கு அதே ஊசியை வெப்பமின்றிச் செலுத்தினர். எவருக்கு எது என்பது நோயாளர்க்குத் தெரியாது. நோவு பாதியளவுக்கு மீள்வதற்கு முன்னையோரில் இடைநிலைக் கணக்கில் 263 நாள்கள் சென்றன. பின்னையோரில் 8 நாள்களே. 1997இல் அதே குழுவினர், நோவு நீங்கியதும் இந்நோயாளரின் மனத்துன்பமும் நீங்கியதெனக் காட்டினர். உள்ளத்தின் துன்பமே நோவாயிற்று என்று நூறாண்டுக்கு மேலாகக் கூறப்பட்ட முறை இங்கே தலைகீழாயிற்று. எல்லா நோயாளருக்கும் இது பொருந்தாதாயினும், படத்திற் தெரியாத நோவு பொய் நோவு என்ற வாதம் இதன்பின் நிற்கவியலாது என்பது எமது துணிபு.

படமும் நம்பத்தகுந்த நீதிபதி அன்று. 2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், கழுத்து நோவு முதலியன இல்லாத 1211 பேரைக் காந்த அதிர்வுப் படமெடுத்தபோது 87.6 சதவீதத்தினரின் கழுத்துத் தட்டுகள் பிதுங்கியிருந்தன. பழுது தெரிவோர் நோவின்றி வாழ்கின்றனர். நோவுடையோரிற் பழுது தெரிவதில்லை.

எதிர்த்தரப்புச் சான்றுகளையும் கூறுதல் நேர்மை. 1996இல் ‘லான்செற்’ இதழ் வெளியிட்ட லித்துவேனிய ஆய்வு, பின்புறம் மோதப்பட்ட 202 பேரை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளின்பின் விசாரித்தது. காப்புறுதி ஈடு பற்றிய எதிர்பார்ப்புக் குறைந்த அந்நாட்டில் அவர்களின் நோவு பொதுமக்களின் நோவினும் மிகுந்திருக்கவில்லை. அவர்களுள் உண்மையிற் காயமுற்றோர் மிகச் சிலரே என்று திறனாய்வாளர் சுட்டினர். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 1995 சனவரி 1 முதல் வழக்கு முறை நீக்கப்பட்டு, தவறு பார்க்காத காப்புறுதி முறை வந்தது. அரையாண்டில் ஓரிலட்சம் பேருக்கு 417 ஆக இருந்த சவுக்கடிக் கோரிக்கை 302 ஆகவும் அடுத்த அரையாண்டில் 296 ஆகவும் குறைந்ததென 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. ஆனால் ஆய்வு எண்ணியது கோரிக்கைகளை, கழுத்துகளை அன்று. நிதி வழங்கியதும் அம்மாகாணக் காப்புறுதி நிறுவனமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் நடைமுறைக்கு வந்த சட்டவிதி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சவுக்கடிக் காயத்துக்கு 240 பவுண் என விலை குறித்தது. எகிப்திய மருத்துவனின் முதலாவது தீர்ப்புக்குரிய அதே சுளுக்குக்கு இப்பொழுது அட்டவணை விலை வந்துவிட்டது.

இதுவரை கூறிய கழுத்துகள் யாவும் ஒரு நொடியிற் பழுதுற்றவை. ஆண்டுக்கணக்கிற் சுமந்து பழுதுறும் கழுத்து இவ்வரலாற்றில் எங்கே? அது அரிதாகவே தென்படுகின்றது. 1968இல் லோறன்ஸ் லெவி, இன்று சிம்பாப்வே எனப்படும் அன்றைய றொடீசியாவிலிருந்து, தலையிற் பெருஞ்சுமை தூக்குவோரின் கழுத்தில் நேரும் கொடிய காயத்தைச் ‘சுமைகாரர் கழுத்து’ என்ற பெயரில் விவரித்தார். ஆனால் தலைச்சுமை பற்றி உலகப் புகழ்பெற்ற ஆய்வு வேறு. 1986இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை, கென்யப் பெண்கள் தம் உடல் நிறையில் 20 சதவீதம் வரையான சுமையை மேலதிக சக்திச் செலவின்றித் தலையிற் சுமக்கின்றனர் என வியந்தது. அவர்கள் சிக்கனமான வழியொன்றைக் கண்டுபிடித்துள்ளனரோ எனத் தலைப்பிலேயே வினவியது. 2005இல் ‘சயன்ஸ்’ இதழ், நெற்றிப்பட்டியிற் சுமை தொங்கவிட்டு இமயமலையேறும் நேபாளச் சுமைகாரரின் சிக்கனத்தை அவ்வாறே அளந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் நிறையின் 93 சதவீதத்தைச் சுமந்தனர். ஒட்சிசன் அளக்கப்பட்டது. கழுத்து நோகின்றதா என்பது கேட்கப்படவில்லை. தென்னாபிரிக்கக் கோசாப் பெண்களிடம் அக்கேள்வியைக் கேட்ட ஆய்வு 2010இல் வெளியானது. தலைச்சுமையின் எல்லையைத் தீர்மானிப்பது மூச்சன்று, கழுத்து நோவே என அப்பெண்கள் விடையளித்தனர்.

உழைப்பாற் தேய்ந்த கழுத்தைச் சட்டம் ஏற்றமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக, ஜேர்மனி 1993இல் தன் தொழில்நோய்ப் பட்டியலிற் சேர்த்த 2109ஆம் இலக்க நோயைக் கூறலாம். பல்லாண்டு தோளிற் பெருஞ்சுமை சுமந்ததாற் கழுத்துத் தட்டுகளில் ஏற்படும் நோய் அது. கொல்களத்தில் இறைச்சி சுமப்போரே அதன் முன்மாதிரி. பத்தாண்டு வேலை, 50 கிலோ அளவிலான சுமை என்பன நடைமுறையில் வேண்டப்பட்ட அளவுகள். வாயில் ஒடுங்கியதெனினும் வாயில் உண்டு.

எமது நாட்டுக்கு இதன் பொருத்தம் வெளிப்படை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு மலையகத்திற் கொழுந்து பறிப்பவள் பெண். கூடையானாலும் பின்வந்த சாக்குப் பையானாலும், அதன் கயிறு அவள் தலையிலேயே மாட்டப்பட்டு முதுகிற் தொங்குகின்றது. தலை முன்னோக்கி நிற்க, கழுத்துத் தசைகள் இழுவையை எதிர்த்து நாள் முழுவதும் இறுகி நிற்கின்றன. சுமை சிறிதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே சென்று, நிறுவைக்காகச் சரிவில் இறங்கும்போது உச்சமடைகின்றது. ஒரு நொடியின் சவுக்கடியன்று இது, ஓராயுளின் இழுவை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்தையும், அட்டவணையிற் கூறிய சில நோய்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டது. வழுக்கி விழுந்த கழுத்துக்கு அங்கே இடமுண்டு. விழாது நின்ற கழுத்து அதனுள் நுழைதல் கடினம். தேதி கூறமுடியாத காயம் விபத்தாகாது.

இத்தகைய கழுத்தை ஆராய்வதற்கு முதலில் வேண்டுவது சுமையின் அளவு: எவர், எத்தனை ஆண்டுகள், நாளொன்றுக்கு எவ்வளவு சுமந்தார் என்பது. லெவிக்கோ, கோசாப் பெண்களை விசாரித்தோருக்கோ நெடுங்காலப் பதிவாக இது கிட்டவில்லை. தோட்டங்களில் இது எழுதப்பட்டுள்ளது. பல தோட்டங்களில் 18 கிலோ என விதிக்கப்பட்ட நாளளவைப் பறித்தவளுக்கு முழுப்பேரும், குறைந்தவளுக்கு அரைப்பேரும் போடுவதற்காக, கொழுந்தின் நிறை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயருக்கு எதிரே செக்றோலிற் பதியப்பட்டது. அப்புத்தகங்களை, அதே பெண்களின் தோட்ட வைத்தியசாலைப் பதிவுகளோடு ஒருங்கே வைத்துப் படித்தல் எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடத்தினரும் வரலாற்றுத் துறையினரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும்.